நாலாவது முடிச்சு

கதவு நாலு விரல் அளவு திறந்தது. அதற்கு மேல் வரவில்லை.

இன்னொரு தடவை இழுத்தேன். அடுப்பு மேடைக் கல்லில் போய் 'டொக்'கென்று இடித்து நின்றது. அந்தச் சந்துக்குள்ளிருந்து புதுச் சாமான் வாசனை வந்தது. கண்ணாடித் தட்டின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. கையை விட்டுப் பார்த்தேன். விரல்கள் போயின, மணிக்கட்டு மாட்டிக்கொண்டது.

புதுமடத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில், ஒரு கோடைகாலத்து வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. என் பக்கத்தில் கருப்பையா நின்றார். அபிராமத்துக்காரர். எங்கள் கரையிலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு மீன் வேன் ஓட்டுகிறவர். நானும் அவரும் சேர்ந்துதான் அந்த பிரிட்ஜைத் தூக்கிக் கொண்டுவந்து வைத்தோம்.

"என்ன மாப்ள, கடைக்காரன் பூட்டிக் குடுத்துட்டானா?" என்றார்.

"பூட்டு இல்ல. இடிக்குது."

"எங்கன?"

"மேடையில."

அவர் குனிந்து பார்த்தார். பிரிட்ஜைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காத மாப்ள."

"சிரிக்கல. ஏலே, இதுக்கு மூடி மேல இருக்குன்னு நெனச்சியா?"

யோசித்துப் பார்த்தால், அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

நஸ்ரின், நீ அப்போது அம்மா இடுப்பில் இருந்தாய். அந்தச் சந்துக்குள் முழுசாகப் போனது உன் கை ஒன்றுதான். போன கையை எடுக்க மாட்டேன் என்று அழுகை வேறு. உன் அம்மா ஆமினா சிரிக்கவில்லை. உன் லாத்தா, என் மூத்த மகள் ஸஃபியாவும் சிரிக்கவில்லை. பதினோரு வயசுப் பிள்ளை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் ஜீனத் மாமி வீடு.

"மாமி நாளைக்கு எத்தன மணிக்கும்மா போறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஐஸ்காரர் வீடு

போன வாரம் இதே பக்கத்தில், பதினாறு வயசில் நான் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நஸ்ரின், நீதான் கேட்டாய்: "அத்தா, ஐஸ்காரர் வீட்டுல பிரிட்ஜ் எப்ப வந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதில் உன் லாத்தாவின் விஷயம் இருக்கிறது. அவளைக் கேட்காமல் சொல்லக்கூடாது. இப்போது அவள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போனில் கேட்டேன்.

"எழுதுங்கத்தா. இப்ப என்ன? இங்கன ஹாஸ்டல் பிரிட்ஜுல என் பேர எழுதி ஒட்டித்தான் மருந்த வச்சிருக்கேன்" என்றாள். அப்புறம், "கருப்பையா மாமா சிரிச்சத விட்றாதீங்க" என்றாள்.

அதனால்தான் அவர் சிரித்ததிலிருந்தே ஆரம்பித்தேன்.

ஐஸ் வேலை பற்றித் தெரியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் மீன் ஏலம் எடுத்துப் பெட்டி கட்டும் கொட்டகையை வாடி என்போம். ஐஸ் கம்பெனியிலிருந்து ஆள் நீளத்துக்கு ஐஸ் பார் வரும். அதை உடைத்துத் தூளாக்குவோம். பெட்டியில் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ். கடைசியில் மூடியைப் போட்டு அமுக்கிக் கட்டுவோம். படகில் போகும் ஐஸ் கிடங்கும் அப்படித்தான். மேலே பலகை. பலகையைத் தூக்கினால் உள்ளே குளிர்.

என் கை தொட்ட பெட்டிக்கெல்லாம் வாய் மேலேதான். பக்கத்தில் வாய் இருக்கும் பெட்டியோடு எனக்குப் பழக்கமே இல்லை.

எனக்குத் தெரிந்த குளிர்

ஸஃபியாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது அதற்கு முந்தின வருஷம். பெரியவர்களுக்கு வருவதுதான் சர்க்கரை என்று நினைத்திருந்தோம். பிள்ளை மெலிந்துகொண்டே வந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி காலையும் சாயங்காலமும் ஊசி, அதை விடவே கூடாது என்றார்கள்.

சின்ன பாட்டில். என் கட்டைவிரல் உயரம் இருக்கும். "குளிர்ச்சியான இடத்துல வைக்கணும்" என்று நர்ஸம்மா ஆரம்பித்தார். இன்னும் என்னவோ விளக்கமாகச் சொன்னார். நான் குளிர்ச்சி என்றதுமே தலையாட்டிவிட்டேன். குளிர்ச்சியைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்?

வாடியிலிருந்து ஒரு நல்ல தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்தேன். நைசாக உடைத்த ஐஸை நிரப்பினேன். நடுவில் குழி பறித்து, பாட்டிலை ஒரு வஞ்சிரத்தைப் புதைப்பது போலப் புதைத்தேன். காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் ஐஸ் மாற்றினேன். அவ்வளவு கவனமாக வேறு எந்த மீனையும் நான் பார்த்துக்கொண்டதில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அந்தப் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை எதுல வச்சிருந்தீங்க?" என்றார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"குளிரணும், உறையக்கூடாது. ஒரு தரம் உறைஞ்சா அந்த மருந்து வேலை செய்யாது. நீங்க ஊசி போட்டது வெறும் தண்ணிய போட்ட மாதிரி."

ஸஃபியா தேறி வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஐஸ் தொட்ட கை. அதற்குத் தெரிந்ததெல்லாம் செத்த மீனுக்கு வேண்டிய குளிர் ஒன்றுதான். உயிரோடு இருக்கிற பிள்ளையின் மருந்துக்கு வேறு மாதிரிக் குளிர் வேண்டும் என்று அது அறியவில்லை.

ஜீனத் மாமி வீட்டு வாசல்

ஜீனத் மாமி தங்கமான மனுஷி. வீட்டுக்காரர் சவூதியில். விஷயத்தைச் சொன்னதுமே, "எங்க பிரிட்ஜு இருக்கையில நீங்க ஏன் அல்லாடுறீக? கொண்டாங்க" என்று பாட்டிலை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

காலையும் சாயங்காலமும் ஸஃபியா போவாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலில் நிற்பாள். மாமி குளித்துக்கொண்டிருந்தால் காத்திருப்பாள். தொழுதுகொண்டிருந்தால் காத்திருப்பாள். பாட்டிலை வாங்கி வந்து ஊசி போட்டதும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு நாளைக்கு நாலு நடை.

மாமி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் மாமி வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்களே.

ஒரு நாள் விருந்தாளிப் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "யாருக்கு மருந்து? இந்தப் புள்ளைக்கா? ஐயோ பாவமே, பொம்பளப் புள்ளையாச்சே. நாளைக்கு யாரு கேட்டு வருவா?"

பாட்டில் வாங்காமலேயே ஸஃபியா வந்துவிட்டாள். "இனி நீங்களே போய் வாங்கிட்டு வாங்கத்தா" என்றாள். ஏன் என்று நான் கேட்டேன். சொல்லவில்லை. உன் அம்மா கேட்ட பிறகுதான் சொன்னாள்.

வாடி வேலைக்கு நான் விடியும் முன் போகிறவன். அம்மாவுக்கு நீ கைப்பிள்ளை; உன்னையும் தூக்கிக்கொண்டு அவள்தான் போய் வாங்கி வந்தாள். இரண்டு நாள் கழித்து ஸஃபியா தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது தலையில் முக்காட்டை இழுத்து முகம் வரை விட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் நானும் ஆமினாவும் முடிவு செய்தோம், நமக்கென்று ஒரு பிரிட்ஜ் வேண்டும் என்று.

மனசில் முடிவு செய்தது கைக்கு வர ஒரு வருஷம் ஆனது. அதுவும் கடைசியில் அவசரமாகத்தான் வந்தது. ஜீனத் மாமியின் மகளுக்குச் சென்னையில் பிரசவம். மாமி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறார். வீட்டைப் பூட்டினால் திரும்ப இரண்டு மாதம். ஈர மணலில் பானையைப் புதைத்து வைக்கலாம் என்று நர்ஸம்மா ஒரு வழி சொல்லித்தான் இருந்தார். ஆனால் அந்த வருஷத்து வெயிலில் எங்கள் குடிதண்ணீரே மத்தியானத்தில் வெந்நீர். ஆமினாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை.

மூன்று முடிச்சு

எங்கள் அடுப்படி நீளமானது, அகலமில்லாதது. ஒரு பக்கம் கடைசி வரை அடுப்பு மேடை. எதிரே, கோடியில், மூன்று பக்கமும் சுவர் வைத்த ஒரு குழி மாதிரி இடம். அதில் தண்ணீர் டிரம் இருந்தது. உன் அம்மா மேடைப் பக்கமாகச் சாய்ந்து, மூடியைத் தூக்கி, மேலேயிருந்து மொண்டுகொள்வாள்.

டிரம்மை வெளியே போட்டுவிட்டு அங்கே பிரிட்ஜ் வைப்பது என்று முடிவானது. நான் நைலான் கயிறு எடுத்தேன். படகுக் கிடங்குக்குப் பெட்டி செய்யும்போது இப்படித்தான் அளப்போம். கயிற்றின் நுனியிலிருந்து அகலத்துக்கு ஒரு முடிச்சு, ஆழத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு. மூன்று முடிச்சு இருந்தால் பெட்டி தப்பாது.

ராமநாதபுரத்துக் கடையில் அளக்க டேப் கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு பிரிட்ஜாகக் கயிற்றை வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒன்று மூன்று முடிச்சுக்கும் அடங்கியது. கடைக்காரர், "கிச்சன்ல இடம் வசதியா இருக்குல்லண்ணே?" என்று கேட்டார்.

"விரல் போறதுக்குத்தான் இடம் மிஞ்சும்" என்றேன் பெருமையாக.

கருப்பையா மீனை இறக்கிவிட்டு வேனைக் கழுவிக் கொண்டுவந்தார். எவ்வளவு கழுவினாலும் மீன் வேன் மீன் வேன்தான். எங்கள் பிரிட்ஜ் வெளியே சாளை வாசனையோடு வந்து இறங்கியது.

மேடைக்கும் அந்தக் குழிக்கும் நடுவே பிரிட்ஜைத் திருப்ப இடமில்லை. அது எங்களுக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, "பிஸ்மில்லாஹ்" என்று நானும் "முருகா" என்று அவரும் சொல்லி, மேடைக்கு மேலே தூக்கினோம். படகுக் கிடங்கில் பெட்டி இறக்குவது போல மேலேயிருந்து மெதுவாக இறக்கினோம். சுவரில் ஒரு கீறல் விழவில்லை. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி. கருப்பையா என் முதுகில் தட்டினார்.

"அளவுன்னா இதுல்ல அளவு!"

அப்புறம்தான் கதவைத் திறந்து பார்த்தேன்.

"ஹால்ல வேணாம்"

சிரித்து முடித்த கருப்பையா வழி சொன்னார். "தூக்கி ஹால்ல வச்சுரு மாப்ள. இதுக்குப் போய் ஏன் மொகத்தத் தொங்கப் போடுற? எங்க அபிராமத்து வீட்டுல ஹால்லதான் இருக்கு. வாரவன் போறவன் எல்லாம் தொறந்து தண்ணி குடிச்சிட்டுப் போறான்."

"அதுவும் சரிதான்" என்றேன். கயிற்றைச் சுருட்டினேன்.

"ஹால்ல வேணாம்" என்றாள் ஸஃபியா.

"ஏம்மா?"

"வேணாம்."

"நாளைக்கு ஒரு நாள்தானே தாயி. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கருப்பையா.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "வாரவங்க எல்லாம் தொறப்பாங்க. இது என்ன பாட்டில்னு கேப்பாங்க. அங்கயும் அதான், இங்கயும் அதான்னா பிரிட்ஜு எதுக்கு?"

கருப்பையா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

நான் அடுப்படியை மேலும் கீழும் பார்த்தேன். குழியின் மூன்று பக்கமும் வீட்டுச் சுவர். அதை இடிக்க முடியாது. மிச்சம் இருப்பது நாலாவது பக்கம். அந்தப் பக்கம் ஆமினாவின் கல் இருந்தது.

அந்தக் கல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் உன் அம்மா தரையில் உட்கார்ந்துதான் சமைத்தாள். நீ வயிற்றில் இருந்தபோது உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அப்போதுதான் செங்கல் கால் கட்டி, மேலே கறுப்புக் கடப்பாக் கல் போட்டோம். அன்றைக்கு அவள் அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "சில்லுன்னு இருக்கு" என்றாள். தினமும் சமையல் முடிந்ததும் அதை மூன்று தரம் துடைப்பாள். சாயங்காலம் அதில் முழங்கை ஊன்றி நின்றபடி டீ குடிப்பாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

கல்லின் வால்ப்பகுதி செங்கல் காலைத் தாண்டி, ஒன்றரை அடிக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கதவு இடித்தது அதில்தான். எனக்கு வழி தெரிந்துவிட்டது. கல்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

ஆமினா உன்னை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"கல்லுதானே. வெட்டுங்க" என்றாள்.

"உன் டீ குடிக்கிற எடம் போயிரும்."

"அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு குடிச்சிக்கிறேன். டீயா தெரியப்போவுது எங்கன நின்னோம்னு?"

கரண்டு போன நேரம்

வெள்ளிக்கிழமை காலையில் கருப்பையா உச்சிப்புளியில் டைல்ஸ் வேலை செய்யும் சொந்தக்காரரிடம் கேட்டு, கல் வெட்டும் மெஷின் வாங்கி வந்தார். ஆமினா பழைய சேலையைப் போட்டு பிரிட்ஜை மூடினாள்.

நான் மறுபடி கயிற்றை எடுத்தேன். இந்த முறை ஸஃபியா வந்து வாங்கிக்கொண்டாள். "கதவ அளக்கணும்த்தா" என்றாள். நுனியை பிரிட்ஜின் கீல் பக்கம் வைத்து, கைப்பிடி வரை இழுத்து, அங்கே அவளே ஒரு முடிச்சுப் போட்டாள். இறுக்கமான முடிச்சு. நாலாவது முடிச்சு. அந்த அளவுக்கு எதிரே எதுவும் இருக்கக்கூடாது. அதைக் கல்லில் வைத்துக் கரித்துண்டால் கோடு போட்டேன்.

அடுப்படியில் இருப்பது ஒரே பிளக். அதில் மெஷினைச் சொருகினோம். கருப்பையா தண்ணீர் ஊற்ற, நான் வெட்ட, கறுப்புக் கல்லிலிருந்து சாம்பல் குழம்பு வழிந்தது. காதடைத்தது. கோடு முழுக்க ஒரு தரம் ஓட்டி முடித்திருப்பேன். கல்லின் கனத்தில் பாதி இறங்கியிருக்கும்.

மெஷின் நின்றுவிட்டது. தெருவே அமைதியாகிவிட்டது.

கருப்பையா வெளியே போய் விசாரித்து வந்தார். "லைன்ல வேலையாம். ரெண்டு மணிக்கு மேலதான் வருமாம்."

ஜீனத் மாமிக்கு நாலு மணிக்கு வண்டி. பிரிட்ஜ் உள்ளே நல்ல குளிர் ஏற ஒன்றிரண்டு மணி நேரமாவது ஓட வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். கரண்டு வந்த பிறகு கல்லை வெட்டிக்கொண்டிருந்தால், இருக்கிற ஒரு பிளக்கும் மெஷினுக்கே போய்விடும். கரண்டு வரும் நேரத்தில் கல் போயிருக்க வேண்டும்.

நான் அந்த வெட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க அது எனக்குப் பழக்கமான கோடாகத் தெரிந்தது.

ஐஸ் பாரை இரண்டாகப் பிளக்க யாரும் ஓங்கி அடிக்க மாட்டார்கள். ஓங்கி அடித்தால் சில்லு சில்லாகப் போகும். கூரான கம்பியால் குறுக்கே ஒரு கோடாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். எல்லாக் குத்தும் ஒரே கனம். போய்த் திரும்ப வேண்டும். சத்தத்தைக் கேட்க வேண்டும். முதலில் 'ணங்'கென்று இருப்பது ஒரு கட்டத்தில் 'தொப்'பென்று ஆகும். அப்போது ஒரே ஒரு தட்டு.

"உளி இருக்கா மாப்ள?" என்றேன்.

"ஏலே, அது ஐஸு இல்ல, கல்லு."

"தெரியும்."

"விரிசல் அந்தப் பக்கம் ஓடுச்சுன்னா அடுப்பு வரைக்கும் போயிரும். மேடையே ரெண்டாயிரும்."

அதுவும் எனக்குத் தெரியும். ஒரு தடவை என் கையை நம்பிப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தவன். இன்னொரு தடவை என் கயிற்றை நம்பி இந்தக் கோலத்தில் நிற்கிறவன். ஆமினாவைப் பார்த்தேன்.

"என்ன பாக்குறீக? ஒடஞ்சா ஒடையட்டும். தரையில ஒக்காந்து ஆக்குனவதானே நான்."

ஸஃபியா உளியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

கருப்பையா கல்லின் வாலுக்குக் கீழே இரண்டு கையையும் தாங்கி உட்கார்ந்தார். நான் கோட்டின் ஒரு முனையில் ஆரம்பித்தேன். ணங், ணங், ணங். அவசரமில்லாமல், ஒரே கனத்தில். கடைசி வரை போய்த் திரும்பினேன். மறுபடி. மூன்றாவது நடையில் வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. துடைத்தால் கனம் மாறும். நீ அழ ஆரம்பித்தாய். அம்மா உன் வாயில் விரலை வைத்தாள். எனக்குக் காது வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது நடையில் சத்தம் மாறியது.

"பிடிச்சுக்க" என்றேன். கோட்டின் நடுவில் ஒரே ஒரு தட்டு.

கல் முறிந்த சத்தம் பெரிதாக இல்லை. பனங்கிழங்கை ஒடிப்பது போல இருந்தது. வால்ப்பகுதி அப்படியே கருப்பையாவின் கைகளில் இறங்கியது. மேடை நின்றது. ஓரத்தில் மட்டும் ஒரு மாங்கொட்டை அளவு சில்லுப் பெயர்ந்திருந்தது. இன்றைக்கும் அந்தப் பள்ளத்தில்தான் உன் அம்மா தீப்பெட்டி வைக்கிறாள்.

"நல்லவேளை" என்றார் கருப்பையா, கல்லைக் கட்டிப்பிடித்தபடி. "இத எங்கன எறக்க? சீக்கிரம் சொல்லுங்க தங்கச்சி, முதுகு போவுது."

"பின்னால போடுங்கண்ணே. மீன் கழுவ எனக்கு ஒரு கல்லு ஆச்சு" என்றாள் ஆமினா.

மேல்தட்டு

குளித்துவிட்டு ஜும்மா தொழுகைக்கு ஓடினேன். துஆவில் கரண்டைத்தான் கேட்டேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. திரும்பித் தெருமுனைக்கு வரும்போதே வீடுகளில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

அடுப்படியில் பிரிட்ஜ் மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. கதவு முழுசாகத் திறந்தது. முழுசாக மூடியது. ஸஃபியா பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து, உள்ளே புறங்கையை நீட்டிப் பார்த்தாள்.

"தொறந்து தொறந்து பாத்தா எப்புடிடி குளிரும்?" என்று அம்மா விரட்டினாள். அவள் போனதும் அம்மாவே திறந்து பார்த்தாள்.

உறைபெட்டிக்கு நேர் கீழே இருக்கும் சின்ன ட்ரே வேண்டாம், அதற்கு அடுத்த மேல்தட்டில் நடுவாக வைக்கணும் என்று நர்ஸம்மா சொன்னதை இந்த முறை நான் கடைசி வரை கேட்டிருந்தேன். அப்படியே ஸஃபியாவிடம் சொன்னேன். அவள் அந்தத் தட்டைத் துடைத்து, ஒரு சின்ன டப்பாவை வைத்தாள்.

நாலு மணிக்குச் சற்று முன்னால் ஜீனத் மாமி வந்தார். பயணத்துக்குப் புதுச் சேலை கட்டியிருந்தார். கையில் ஈரத்துணியில் சுற்றிய பாட்டில். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வாசலில் நின்றார்.

"ஸஃபியா, இந்தாம்மா. பத்திரமா வச்சுக்க. உன் பிரிட்ஜு ஓடுதா?"

"ஓடுது மாமி." வாங்கிக்கொண்டாள். உள்ளே வந்து டப்பாவில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். உடனே வாசலுக்குத் திரும்பி ஓடினாள்.

"மாமி, உங்க பிரிட்ஜ ஆஃப் பண்ணிட்டுத்தானே போவீக?"

"ஆமாடி. ரெண்டு மாசம் சும்மா ஓடவா விடுவாக?"

"அப்ப உள்ள இருக்கிறது?"

"என்ன இருக்கு, கொஞ்சம் மாவு, தயிரு. நேத்து ஆஞ்சு வச்ச நண்டு. யாருக்காச்சும் குடுத்துட்டுப் போகணும். மல்லித்தூளு மொளகாத்தூளு வேற ஒரு வருஷத்துக்கு அரைச்சு வச்சிருக்கேன், வண்டு விழுந்துரும்."

"தூளு எல்லாத்தையும் கொண்டாங்க மாமி. நீங்க வார வரைக்கும் எங்க பிரிட்ஜுல இருக்கட்டும். எடம் கெடக்கு."

மாமி போய், இரண்டு கையிலும் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு வந்தார். மேல் டப்பா சரியாமல் தாடையால் பிடித்திருந்தார். மறுபடியும் வாசலிலேயே நின்றார். வாங்கிக்கொள்ள ஆள் வரட்டும் என்று காத்திருந்தார்.

ஸஃபியா அடுப்படியில் பிரிட்ஜ் கதவை நாலாவது முடிச்சு வரை திறந்து பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே குரல் கொடுத்தாள்:

"ஏன் மாமி வாசல்ல நிக்கிறீக? உள்ள வாங்க. வந்து நீங்களே வைங்க. மேல்தட்டு மட்டும் என்னோடது."